பாறைத்துறையில் கட்டாத பாலம்

எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் போக விருப்பமில்லாத ஒரு பயிற்சி வந்தது. சென்னையில் இரண்டு வாரம், நடுவில் தீபாவளி. ஆண்கள் எல்லோருக்கும் களத்தில் வேலை இருந்தது, எனக்கு இல்லை. எழுபதுகளின் கடைசியில் நான் நெடுஞ்சாலைத் துறையில் சேர்ந்தபோது, ஒரு பெண் பொறியாளரைச் சாலையோரத்தில் நிற்க வைத்து எப்படி வேலை வாங்குவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதனால் சேலம் அஸ்தம்பட்டி அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் ஒரு மேசையைக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். "நீங்க போயிட்டு வந்துடுங்கம்மா" என்றார் கோட்டப் பொறியாளர். போனேன்.

பயிற்சியின் பெயர் வேல்யூ இன்ஜினீயரிங். செலவைக் குறைக்கும் வித்தை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அங்கே சொன்னது வேறு. பாலத்திலோ சாலையிலோ எதை எடுத்தாலும், அது என்ன வேலை செய்கிறது என்பதை இரண்டே சொல்லில் எழுத வேண்டும். தூண் என்றால் 'சுமை தாங்குகிறது'. கைப்பிடிச் சுவர் என்றால் 'விழாமல் தடுக்கிறது'. அதே வேலையை அதே அளவு காலத்துக்கு வேறு எது செய்யும், இதை எடுத்துவிட்டால் என்ன கெடும் என்றெல்லாம் கேட்ட பிறகு, கடைசிப் பத்தியில்தான் செலவு வரும். எனக்கு அது பிடித்துப்போனது. வருடக்கணக்காக மற்றவர் போட்ட கோட்டின் மேல் மை தீட்டிக்கொண்டிருந்தவளுக்கு, கோடு ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்க ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது.

திரும்பி வந்து சொன்னபோது, "அப்ப இனிமே பாதி சிமெண்ட்லயே பாலம் கட்டிடலாமா மேடம்?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அந்த மாதம் என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. நாமக்கல் பக்கம் ஒரு ஆற்றின் குறுக்கே உயர்மட்டப் பாலம். அப்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டம்தான். தூண்களுக்கு நடுவே தண்ணீர் போக ஆறு கண், இரண்டு பக்கமும் நீளமாக மண்கரை எழுப்பி அதன் மேல் சாலை. மணல் ஆறு என்பதால் தூண்களுக்கு ஆழமான அஸ்திவாரம். எனக்குக் கொடுத்த வேலை வரைபடத்தைச் சுத்தமாக நகல் எடுப்பது மட்டும்தான். நான் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். "அங்க உக்காரக்கூட இடம் கிடையாதும்மா" என்றார் கோட்டப் பொறியாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறிப் போனேன்.

அந்தப் பகுதிச் சாலை ஆய்வாளருக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தேன். உள்ளூர்க்காரர். கடப்பாரையும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றார். ஆற்றங்கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே, வயலுக்கு நடுவில் பளிங்கு பதித்த அடிக்கல் ஒன்று நின்றிருந்தது. சில மாதம் முன்பு பந்தல் போட்டு, மாலை போட்டுத் திறந்தது. அதற்கு நேர் எதிரே சாலையின் நடுக்கோட்டுக்கு அடித்த முளைக்குச்சிகள் ஒரு தோட்டத்துக் கிணற்றின் மேல் போய் முடிந்தன.

கிணற்றடியில் ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை, மகள்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஆறு ஏக்கரைத் தனியாகப் பார்க்கிறார் என்று ஆய்வாளர் வழியிலேயே சொல்லியிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏனுங்க அம்மிணி, கெணத்த அளக்க வந்தீங்களா? ரெண்டு தடவ அளந்துட்டுப் போயிட்டாங்களே" என்றார்.

"கெணத்த அளக்க வரலீங்க. மழைக்காலத்துல ஆத்த நீங்கெல்லாம் எப்படித் தாண்டறீங்கன்னு கேக்க வந்தேன்."

அவர் ஆய்வாளரைப் பார்த்தார், பிறகு என்னை. "அத யாருமே கேக்கலீங்களே" என்று சொல்லிவிட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு முன்னால் நடந்தார்.

ஆற்றோரமாகவே மேற்கே இரண்டு பர்லாங், கால் மைல் தூரம், கூட்டிப்போனார். அங்கே ஆறு குறுகியது. இரண்டு கரையும் உயரம். பாறைத்துறை என்று அந்த இடத்துக்குப் பெயர். "தண்ணி இடுப்புக்கு வந்தாலும் இங்கதானுங்க தாண்டுவோம். காலு வழுக்காது. அடியில பூரா பாறை" என்றார். ஆய்வாளர் மூன்று இடத்தில் கடப்பாரையை இறக்கிப் பார்த்தார். மூன்றிலும் முழங்கால் ஆழத்துக்குள் டங்கென்று நின்றது. பெரிய வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்டேன்.

"பெரிய வெள்ளத்துல எங்க கெணத்து மேட்டு மேலயே ஓடுச்சுங்க. வைக்கப்போரு ஒண்ணு மெதந்து போயி அந்தக் கல்லு நட்டிருக்கிற எடத்துல நின்னுச்சு. இங்க கரையேறலீங்க."

திரும்பும்போது அவரே ஆரம்பித்தார். "பாறைத்துறைக்குப் பக்கத்துல இருக்குற மேட்டுக்காடும் நம்முளுதுதானுங்க. கொள்ளு வெதைக்கறது, வேற ஒண்ணும் ஆகாது. பாலத்துக்கு அத எடுத்துக்கிட்டு கெணத்த உட்ருங்க அம்மிணி. கெணறு போச்சுன்னா தோட்டமே போச்சுங்க."

"நான் எழுதறேங்க" என்றேன்.

"எழுதுனாப் போதுமுங்களா?"

"போதும்னுதான் நினைக்கிறேன்."

அந்தப் பதிலை நினைத்தால் இன்னும் எனக்கு உடம்பு கூசுகிறது. அன்று நான் மனசாரத்தான் சொன்னேன். தெளிவாக எழுதினால் படிப்பவர் ஏற்றுக்கொள்வார் என்று நம்புகிற வயது.

இரண்டு மாதம் எழுதினேன். ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வாடகை வீட்டுச் சாப்பாட்டு மேசையை வரைபடங்கள் பிடித்துக்கொண்டன. என் கணவர் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார். இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு உறுப்பும் என்ன வேலை செய்கிறது, வருடத்தில் எத்தனை நாள் செய்கிறது, வேறு எது செய்யும் என்று பத்தி பிரித்து எழுதினேன். பாறைத்துறையில் நாலு கண் போதும். அஸ்திவாரம் ஆழம் வேண்டாம். மண்கரை பாதியாகக் குறையும். சாலையில் ஒரு வளைவு கூடும், அவ்வளவுதான். மொத்தச் செலவில் கால் பங்குக்கு மேல் மிஞ்சியது. பழைய இடத்திலேயே கட்டுவதானால், வயலில் ஏறும் வெள்ளம் வடிய மண்கரையில் எட்டுச் சிறு கண்கள் கட்டாயம் வேண்டும் என்பதையும் எழுதினேன்.

கோட்டப் பொறியாளர் அதை முழுக்கப் படித்தார். அவர் மோசமான மனிதர் அல்ல. பக்கம் பக்கமாகப் படித்து, ஓரிடத்தில் நான் கூட்டலில் விட்ட பிழையைக்கூடப் பென்சிலால் திருத்திக் கொடுத்தார்.

"சரியாத்தான் இருக்கும்மா. ஆனா கல்லு நட்டாச்சே."

"கல்லை அங்க மாத்தி வச்சுக்கலாம் சார். ரெண்டு பர்லாங்தான்."

"கல்லுல பேரு இருக்கு. அந்தப் பேருக்காரர்கிட்ட யார் போய்ச் சொல்றது, நீங்க கல்லு வச்ச இடம் தப்புன்னு? நீங்க சொல்றீங்களா?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். "சாங்ஷனும் இந்த இடத்துக்குத்தான். இடத்தை மாத்தினா எல்லாம் முதல்லேர்ந்து மெட்ராஸ் போகணும். அதுக்குள்ள நான் ரிட்டயரே ஆயிடுவேன்."

"சார், ஜனங்க அங்கதான் தாண்டறாங்க."

"பாலம் வந்தா இங்க தாண்டுவாங்க."

என் தாள்களைக் கோப்பின் பின்பக்கம் சேர்த்துக் கட்டச் சொன்னார். எழுத்தர் கட்டினார். அவ்வளவுதான். யாரும் மறுக்கவில்லை, யாரும் ஏற்கவும் இல்லை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நாலு மாதம் கழித்து, எல்லாப் பாலங்களின் மதிப்பீட்டிலும் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. கோட்டப் பொறியாளர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் என் தாள்கள் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. பாறைத்துறைக்குத் திரும்பிவிட்டார் என்று நினைத்தேன்.

"இப்பத்தான்மா உங்க வேல்யூ இன்ஜினீயரிங் வேணும்" என்று சொல்லி, பழைய இடத்துக்கான தாளை எடுத்தார். வடிகால் கண்களுக்கு நேரே விரலை வைத்தார். "என்ன எழுதியிருக்கீங்க பாருங்க. 'வெள்ளம் வடிக்கிறது. வருடத்தில் நாலைந்து நாள். சில வருடங்களில் இல்லை.' நாலு நாள் வேலைக்கு எட்டுக் கண்ணா? எடுத்துடுங்க. பத்துல ஒண்ணு சரியா வந்துடும்."

"அந்த நாலு நாளுக்குத்தான் சார் அது. எடுத்துட்டா கரை அணை மாதிரி நிக்கும். தண்ணி ஏறி உடைச்சுடும்."

"உடைஞ்சா ரிப்பேர் எஸ்டிமேட் போடலாம். அது வேற ஹெட், வேற கணக்கும்மா."

எதை எடுத்தால் என்ன கெடும் என்ற பத்தியைக் காட்டினேன். அதையும் படித்தார். ஆட்சேபணை இருந்தால் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள், கோப்பில் சேர்க்கிறேன் என்றார். எழுதிக் கொடுத்தேன். ஆனால் திருத்திய மதிப்பீட்டைத் தயாரித்தவர் என்ற இடத்தில் கையெழுத்து என்னுடையது. போட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். களப்பணி கேட்டு நான் கொடுத்திருந்த விண்ணப்பம் அவருடைய பரிந்துரைக்காக அதே மேசையில் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானாகவே பார்த்தேன், நானாகவே போட்டேன்.

கிணற்றைத் தூர்த்த வாரம் அந்தப் பெண் அஸ்தம்பட்டிக்கே வந்துவிட்டார். இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து, வரைபடப் பிரிவின் வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எழுதறேன்னு சொன்னீங்களேன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"எழுதினேங்க. கேக்கலை."

"எழுதுனத நானு பாக்கலாமுங்களா?"

கோப்பை வெளியாருக்குக் காட்டக் கூடாது. காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் வரைந்திருந்த படத்தில் பாறைத்துறையை விரல் வைத்துக் காட்டினேன், கிணற்றையும் காட்டினேன். கிணற்றுக்கு ஒரு சிறு வட்டம் போட்டிருந்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நம்ம கெணறு நாலு சதுரமுங்க" என்றார். "சரி, நா வாரேனுங்க."

டீ வாங்கிவரச் சொல்லியிருந்தேன். அது வருவதற்குள் போய்விட்டார்.

பாலம் எழும்பியது. இரண்டாவது வருட ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. மண்கரைக்கு மேற்கே வயலெல்லாம் ஏரியாகி, மூன்றாம் நாள் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கரை இரண்டு இடத்தில் உடைந்தது. யாரும் சாகவில்லை. நான் போய்ப் பார்த்தபோது பாலம் ஒரு கீறல் இல்லாமல் நின்றது. ஆனால் அதில் ஏறச் சாலை இல்லை. முட்டை ஏற்றிய ஒரு லாரி பாலத்தின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. ஆட்கள் அட்டை அட்டையாகத் தலையில் வைத்து இடுப்பளவு தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கே தாண்டுகிறார்கள் என்று பார்த்தேன். ஊர்க்காரர்கள் பாறைத்துறைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண்ணின் தோட்டத்தில் முழங்கால் உயரத்துக்கு மணல் கிடந்தது. அவர் வரப்பில் நின்றிருந்தார்.

"பாலத்த நல்லா கெட்டியாத்தானுங்க கட்டியிருக்காங்க" என்றார். குத்தலாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் கோட்டப் பொறியாளர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். விசாரணை வந்தது. வடிகால் கண்களை நீக்கப் பரிந்துரைத்தது யார் என்று கேட்டு எனக்கு மெமோ. இணைப்பாக என் தாளின் நகல், 'வருடத்தில் நாலைந்து நாள்' என்ற வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு. என் ஆட்சேபணைத் தாள் கோப்பில் இல்லை. எழுத்தரிடம் கேட்டேன். "அப்புடி ஒண்ணு வந்ததா ஞாபகம் இல்லீங்களே மேடம்" என்றார். அவர் பொய் சொல்கிறாரா, மறந்துவிட்டாரா, அந்தத் தாள் கோப்புக்கே வந்ததா என்று கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. எட்டுப் பக்கத்தில் விளக்கம் எழுதினேன். ஒரு வருடச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். செலவைக் குறைக்கும் ஆர்வத்தில் பாதுகாப்பைக் கவனிக்கத் தவறினார் என்று காரணம் எழுதியிருந்தது. அந்த வரியைப் படித்த அன்று வீட்டுக்கு வந்து ஒரு பாத்திரத்தை வீசி எறிந்தேன். என் கணவர் அதை எடுத்துக் கழுவி வைத்தார்.

உடைந்த இடத்தில் பிறகு பத்துக் கண் கட்டினார்கள். எட்டை எடுத்து மிச்சம் பிடித்ததைவிட அதற்கு அதிகம் ஆனது. அது வேறு ஹெட் என்பதால் யாரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. நான் வைத்துப் பார்த்தேன், என்னிடம் யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண் பாறைத்துறை மேட்டுக்காட்டில் திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கொண்டுவந்து ஆழ்துளை போர் போட்டார். முதல் போரில் பாறைப்பொடிப் புகைதான் வந்ததாம். இரண்டாவதில் தண்ணீர் வந்தது என்று ஆய்வாளர் சொன்னார். அந்தப் பெண்ணை நான் பிறகு பார்க்கவில்லை. போகத் துணியவில்லை என்பதுதான் உண்மை.

எண்பதுகளின் நடுவில் ஒரு வழியாகக் களப்பணி கிடைத்தது, கெங்கவல்லிப் பக்கம். தண்டனை இடமாற்றம் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். போன புதிதில் ஒரு சின்னச் சிறுபாலம். வரைபடத்தில் இருந்த இடத்துக்கு முப்பது அடி தள்ளித்தான் ஓடைத் தண்ணீர் சாலையைத் தாண்டுகிறது என்று அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார். தடம் பார்த்தேன், அவர் சொன்னது சரி. அந்த அளவு வேலைக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், அடிக்கல்லும் கிடையாது. முப்பது அடி தள்ளிக் கட்டச் சொன்னேன். மேஸ்திரி, "படத்துல இங்கதான மேடம் போட்டிருக்கு?" என்று கேட்டார். படத்தைக் கொடுங்கள் என்று வாங்கி, பழைய கோட்டை அடித்து, புதிய இடத்தில் வரைந்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். பிறகு அதே போல இன்னொரு நகல் எடுத்து, அதிலும் கையெழுத்திட்டு, என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.