பட்டாபிராமில் வண்டி நின்ற நாள்

காலை எட்டரைக்கு ஷட்டரைத் தூக்கினால் முதலில் மூக்கில் ஏறுவது ஷாம்பு நுரை வாசனைதான். அதன் பின்னாலேயே பழைய ஆயில், அதற்கும் பின்னால் கேஷியர் அக்கா ஏற்றிவைக்கும் ஊதுபத்தி...

அம்பத்தூரில் ஒரு பைக் சர்வீஸ் சென்டர். என் முதல் வேலை. வாரண்டி டெஸ்க்.

வண்டியில் என்ன கோளாறு என்று மெக்கானிக் பார்த்துச் சொல்வார். நான் அதைக் கம்பெனிக்கு எழுதி அனுப்புவேன். அவர்கள் ஒத்துக்கொண்டால் பார்ட்ஸ் இலவசமாக வரும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தச் செய்தியைக் கஸ்டமரிடம் சொல்ல வேண்டியதும் நான்தான்.

தனசேகர் அண்ணன் மூன்றாவது தடவையாக வந்தது ஒரு வியாழக்கிழமை, அவருடைய வார லீவு அன்று. வேப்பம்பட்டுக்காரர். வீட்டுப் பக்கத்தில் கொஞ்சம் நிலம், அதில் கீரை. அது போக, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வேலை. அவருடைய பைக் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஆஃப் ஆகிவிடும். பத்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

ஏற்கெனவே இரண்டு தடவை எங்களிடம் விட்டிருந்தார். இரண்டு தடவையும் மெக்கானிக் மூர்த்தி அண்ணன் தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். நிற்கவே இல்லை. ‘குறை காணப்படவில்லை’ என்று டைப் செய்தது நான்.

"இன்னாமா... நான் பொய் சொல்றேன்னு எழுதி வச்சிருக்கீங்களா?"

"அப்படி இல்லண்ணா..."

"பர்மனென்ட் லிஸ்ட் எடுக்கப் போறாங்கோ. வண்டி நின்னு நின்னு ரெண்டு வாட்டி லேட்டா போய்ட்டேன். இன்னொரு வாட்டி போனா அதுல என் பேரு இருக்காது."

குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். கத்துகிறவர்களைச் சமாளிக்கத்தான் எங்களுக்கு டிரெயினிங்.

ஃபைலைப் பார்த்தேன். சனிக்கிழமையோடு வாரண்டி முடிகிறது. மேனேஜரிடம் போனேன்.

"ரெண்டு வாட்டி குறை இல்லன்னு எழுதிட்டு, இப்போ ஆதாரம் இல்லாம கிளெய்ம் அனுப்பினா நமக்குத்தான் ரிமார்க். நீயே இன்னும் ப்ரொபேஷன்ல இருக்கே... பாத்துக்கோ."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

"வீட்ல இருந்து கிளம்பி எவ்ளோ நேரம் கழிச்சுண்ணா நிக்குது?"

"திருநின்றவூரு, பட்டாபிராம்லாம் சூப்பரா வந்துரும்மா. ஆவடிகிட்ட டிராபிக்ல மாட்டுச்சுனா அவ்ளோதான்."

பின்னால் ஸ்பேனரோடு நின்றிருந்த மூர்த்தி அண்ணன் கிட்டே வந்தார். "அப்போ சூடானாத்தான் நிக்குது போல. நான் ஓட்டுனது ரெண்டு கிலோமீட்டரு. அதுல எங்க சூடாவும்?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "வா அண்ணாத்தே, ஒரு ரவுண்டு போவோம்" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் கிளம்பினோம். தனசேகர் அண்ணன் ஓட்ட, பின்னால் மடியில் கரண்ட் பார்க்கிற மீட்டரோடு மூர்த்தி அண்ணன். நான் என் ஸ்கூட்டியில் அவர்களைத் தொடர்ந்தேன். டிபன் பாக்ஸைத் திறக்கக்கூட இல்லை.

ஆவடி தாண்டியது. பட்டாபிராம் தாண்டியது. திருநின்றவூர் வரை வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

தனசேகர் அண்ணன் முகம் சுண்டிப்போய்விட்டது. "இன்னிக்குன்னு பாத்து ஒழுங்கா ஓடுதும்மா..." என்றார். திரும்பி வரும் வழியெல்லாம், நின்னுடு, நின்னுடு என்று அந்த வண்டியைப் பார்த்து வேண்டிக்கொண்டே வந்தேன்.

பட்டாபிராமில் ஒரு லாரி ரோட்டை அடைத்து ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள். உச்சி வெயில். ஐந்து நிமிஷம் இருக்கும்...

டப்பென்று அணைந்தது.

"நின்னுச்சு! நின்னுச்சும்மா!" என்று தனசேகர் அண்ணன் கத்தினார். நான் ஸ்கூட்டியில் இருந்தபடியே கை தட்டினேன். பக்கத்து ஆட்டோக்காரர், "வண்டி நின்னதுக்கா இவ்ளோ குஷி?" என்று தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

ஓரமாகத் தள்ளினோம். மூர்த்தி அண்ணன் சைடு கவரைக் கழற்றி ஒரு ஒயரில் மீட்டரை வைத்தார். முள் அசையவில்லை. நான் போனில் வீடியோ எடுத்தேன். பத்து நிமிஷம் காத்திருந்து மறுபடி வைத்தார். முள் எழுந்தது.

"இன்ஜினுக்குள்ள கரண்ட் குடுக்குற காயில் ஒண்ணு கீது. சூடானா கட்டாவுது, ஆறினா சேருது. உன் மேல தப்பே இல்ல நைனா. நான்தான் ஒழுங்கா பாக்கல."

தனசேகர் அண்ணன் பக்கத்துக் கடையில் மூன்று பேருக்கும் லெமன் சோடா வாங்கி வந்தார்.

அன்று சாயங்காலமே கிளெய்ம் எழுதினேன். எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிஷம், மீட்டர் என்ன காட்டியது... எல்லாவற்றையும் எழுதி, வீடியோவையும் சேர்த்து அனுப்பினேன். மறுநாளே அப்ரூவல் வந்துவிட்டது. காயில் வருவதற்கு நாலு நாள் ஆயிற்று. அதுவரை மூர்த்தி அண்ணன் தன் வண்டியைத் தனசேகர் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் வந்து போனார். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு பஸ்ஸு புடிக்கும்மா" என்றார்.

அடுத்த சர்வீஸுக்கு வந்தபோது தனசேகர் அண்ணன் சட்டையில் புது ஐடி கார்டு. அதை எடுத்து என்னிடம் காட்டினார். போட்டோவில் சிரிக்கவே இல்லை. நேரில் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். சொந்தமாக ஒரு பைக்கும் இருக்கிறது. போன வாரம் அதில் ஏதோ சத்தம். ஆப்பில் கம்ப்ளெயின்ட் போட்டேன். ஒருவர் ஃபிளாட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போனார். இரண்டே நாளில் வாரண்டியில் சரிசெய்து கொண்டுவந்து விட்டார்கள். யாரிடமும் கெஞ்சவில்லை, யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நல்ல மாற்றம்தான். அன்றைக்கு இது இருந்திருந்தால் தனசேகர் அண்ணன் மூன்று தடவை அலைந்திருக்க மாட்டார்.

ஆனால் என் வண்டியைத் தொட்டுப் பார்த்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. சாவி கொடுக்க வந்தவரிடம் கேட்டேன். "ஒர்க்‌ஷாப்ல யாரோ மேடம்" என்றார்.

ஆப்பில் ஸ்டார் கேட்டது. கீழே இருந்த சின்னக் கட்டத்தில், ‘வண்டியைச் சரிசெய்தவருக்கு நன்றி, சத்தம் சுத்தமாகப் போய்விட்டது’ என்று எழுதினேன். யார் படிக்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பதில் வந்திருந்தது.

‘ரொம்ப தேங்க்ஸ் மேடம். நான்தான் பண்ணேன். என் பேரு கலைவாணி.’