இடது கன்ன எலும்பு

இன்று காலை எங்கள் முக அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு, திருப்போரூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். இடது கன்ன எலும்பு உடைந்து உள்ளே அமுங்கியிருந்தது.

"வண்டிலேர்ந்து வுயுந்துட்டா டாக்டர்" என்றார் கணவர்.

விழுகிறவர்கள் பெரும்பாலும் கையை ஊன்றுவார்கள். இவர் உள்ளங்கையில் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

கணவரை எக்ஸ்ரே சீட்டு வாங்க அனுப்பிவிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்றேன்.

வாயைத் திறக்கவே சிரமப்பட்டார். "அவருதான் குத்தினாரு. எழுதிக்கோங்க."

எழுதினேன். போலீசுக்கும் தகவல் சொல்லச் சொன்னேன்.

திரும்பி வந்த கணவர், "இன்னா எழுதினுகீறீங்க?" என்று அதட்டினார்.

நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண்ணே சொன்னார்: "நான் சொன்னததான்."

இதுவரை எத்தனை பேரை எதுவுமே கேட்காமல் எலும்பை மட்டும் சரிசெய்து அனுப்பினேனோ, தெரியவில்லை. டாக்டர் நண்பர்களே, நீங்களாவது கேட்கிறீர்களா?