அண்ணன் மகளின் ஸ்கேன்

அப்பா வழியில் நாங்கள் எல்லோரும் நெட்டை. அக்கரப்பத்தனையில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குத் தோரணம் கட்ட யாரும் ஏணி தேடியதில்லை. அண்ணனையும் என்னையும் கூப்பிடுவார்கள். கை விரல்களும் முருங்கைக்காய் கணக்காக நீளம். ‘கொடிக்கம்பம்’ என்று கேலி செய்வார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், அண்ணன் சிரித்துவிட்டுப் போவார். அவர் செத்துப்போன பிறகு ஒரு முனையை நான் கட்டுகிறேன், மறுமுனைக்கு ஏணி வைக்கிறார்கள்.

அண்ணனுக்கு வந்தது வயிற்றுவலி. முதுகுவரை பிடித்து இழுத்தது. தொப்புளுக்கு மேலே கை வைத்தால் விண் விண்ணென்று துடித்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அப்படித் துடித்தால் அதற்கு ஒரே பெயர்தான், குடலேற்றம். பாரம் தூக்கியதில் குடல் மேலே ஏறிவிட்டதாம். பக்கத்து வீட்டு அக்கா விளக்கெண்ணெய் போட்டு, ஏறின குடலை இறக்க அழுத்தி அழுத்தித் தடவிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் எல்லோர் வயிற்றுக்கும் அந்தக் கைதான் வைத்தியம். அன்று மத்தியானமே, ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்காமல், தோட்டத்து லொறியிலேயே அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

பல வருடம் கழித்து எனக்கு மூச்சு வாங்குகிறது என்று கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டாக்டர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் யாராவது திடீரென்று செத்துப்போனார்களா என்று சிங்களத்தில் கேட்டார். ஸ்கேனில் விஷயம் தெரிந்தது. உடம்பைச் சேர்த்துப் பிடிக்கிற இழைகளே எனக்குப் பிறவியிலிருந்து பலவீனமாம். வயிற்றுக்குள் இறங்கும் பெரிய இரத்தக் குழாய், பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பதுபோலப் புடைத்திருக்கிறது. வெடித்தால் ஆள் காலி. அண்ணனுக்கும் இதுதான் இருந்திருக்கும் என்றார். பாரம் தூக்கக் கூடாது, மாத்திரையை விடக் கூடாது, வீக்கம் பெரிதானால் ஆபரேஷன். கடைசியாக, இரத்த சொந்தம் யார் இருந்தாலும் கூட்டி வரச் சொன்னார்.

எனக்கு மிஞ்சியிருக்கும் இரத்த சொந்தம் அண்ணன் மகள் மட்டும்தான். அவளும் எங்களைப் போலவே வளர்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அண்ணியின் முகம் கறுத்துவிட்டது. நானுஓயாவிலிருந்து பெண் கேட்டு வந்து பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். பரம்பரை வியாதி என்று காதில் விழுந்தால் எவன் கட்டுவான்?

“கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க தம்பி,” என்றார்.

போகவில்லை. ஒரே லயம்தான். அவர்கள் வீட்டில் தாளிக்கிற வாசம் என் காம்பரா அறைக்குள் வரும். நான் பாண் ரொட்டியைத் தேங்காய்ச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். பேச ஒரு நாதி இல்லை. வயிற்றில் இருந்த வீக்கத்தைவிட அதுதான் என்னை அரித்தது. ஆனாலும் அண்ணியைப் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கக் கண்டால் விடமாட்டேன். சண்டை போட்டேன். கடைசியில் கெஞ்சினேன்.

“அண்ணன வெளக்கெண்ண போட்டு அனுப்பிட்டோம் அண்ணி. புள்ளையையும் அப்படியே அனுப்பணுமா?”

அன்றைக்குத்தான் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. கிளினிக்கில் நம் பக்கத்து ஆட்கள் யாராவது இருப்பார்கள், அதனால் ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. பஸ்ஸில் அவர்கள் முன்னால், நான் பின்னால். கிளினிக்கில் அவர்கள் முதல் வாங்கில் உட்கார, நான் கடைசி வாங்கில். எங்கள் உயரத்துக்கு எந்தக் குருடனும் ஒரே குடும்பம் என்று சொல்லிவிடுவான், இதில் இந்த நாடகம் வேறு.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். சாமி, இது என்னோட போகட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெளியே வந்தவள் தாயைத் தாண்டி நடந்தாள். அண்ணி கண்ணால் தடுத்தும் நிற்கவில்லை. எல்லோரும் பார்க்க, என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

“எனக்கும் இருக்காம் சித்தப்பா. இப்ப சின்னதாத்தானாம். வருஷா வருஷம் வந்து பாக்கணுமாம்.” என் கையைப் பிடித்துக்கொண்டு, “நாம ரெண்டு பேரும் சேந்தே வருவோமா?” என்றாள்.

வருவோம் தங்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.