கெரவன் கேட்டோம், கெரவன் வந்தது

எங்கள் குஷன் கடைக்குத் தவறான நேரத்தில் வந்து நின்ற வண்டிகள் ஏராளம். தவறான வண்டியே வந்து நின்றது ஒரே ஒரு முறைதான். அதுவும் எங்கள் சொந்தக் காசில் வாங்கியது.

யட்டியாந்தோட்டை பஜாரில் பஸ், வேன், த்ரீவீலர் எல்லாவற்றுக்கும் சீட் தைத்துக் கொடுப்பது என் தொழில். ஊரில் என்னை "பாஸ்" என்பார்கள். முதலாளி என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கம் கைவேலை தெரிந்த எல்லோருமே பாஸ்தான். இப்போது கடையை மருமகன் பார்க்கிறார். நான் ஓரமாக உட்கார்ந்து குறை சொல்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், வேனுக்குள் படுக்கை, அடுப்பு வைத்து வீடாக்கும் கேம்பர் வேலையைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அதற்கு எங்கள் முதல் கேம்பர் வந்த கதையைச் சொன்னாலே போதும்.

வெள்ளைக்காரர் மெத்தை

கித்துல்கல ஆற்றில் படகு விட வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, வாடகைக்கு எடுத்த வண்டியோடு கடைக்கு வந்தார்கள். உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாம் இருந்தன. மழைத் தண்ணீர் இறங்கி மெத்தை ஊறிப் போயிருந்தது. ஃபோமை மாற்றி ரெக்சின் போட்டுத் தரச் சொன்னார்கள்.

வேலை நடக்கும்போது என் மனைவி லெட்சுமி அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தாள். அவள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தாள். றப்பர் பால் வெட்டப் போகும் தாய்மார் விடியும்போதே பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். அதனால் எங்கள் வீட்டில் எந்தப் பயணம் என்றாலும் மற்றவர்கள் போவார்கள், லெட்சுமி மடுவத்தைத் திறக்கப் போவாள்.

அன்றைக்கு அவள் அந்த வண்டிக்குள் ஏறி, கட்டிலில் உட்கார்ந்து, குழாயைத் திறந்து மூடி, மறுபடியும் திறந்தாள். இதற்கு என்ன பெயர் என்று கேட்டாள். வெள்ளைக்கார அம்மா சிரித்துக்கொண்டே "கெரவன்" என்றார். வந்த வினை அந்த ஒரு சொல்லில்தான் ஏறிக்கொண்டது.

அன்று சாயந்தரமே சொல்லிவிட்டாள்.

"ஏங்க, என் ஈபிஎஃப் காசுல ஒரு கெரவன் வாங்கணும். கடல் பக்கத்துல தூங்கி எந்திரிக்கணும்."

அவள் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, கோயில் பயணத்தில். கால் நனைவதற்குள் பஸ்காரன் ஹோர்ன் அடித்துவிட்டான். அந்த ஹோர்னை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் இருவருமே லயத்தில், தோட்டத்துக்காரர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஒரே ஒரு அறை. அதன் முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு துண்டு வாசல். அதிலிருந்து வெளியே வந்து, நாலு பக்கமும் சொந்தச் சுவர் வைத்து வீடு கட்ட என் பாதி ஆயுள் போனது.

"லயத்துக் காம்பராவுல கெடந்தது போதாதா? காசு குடுத்து இன்னொரு காம்பரா வாங்கணுமா?" என்றேன்.

அவள் வாதாடவில்லை. மடுவம் நிறைய அழுகிற பிள்ளைகளைச் சமாளித்தவளுக்கு நான் ஒரு பொருட்டா? மறுநாள் மாவனல்லையில் இருக்கும் வாகனத் தரகர் நிஸாம் நானாவுக்கு அவளே போன் போட்டு, ஒரு கெரவன் வேண்டும் என்று சொல்லி, முன்பணத்தையும் அனுப்பிவிட்டாள்.

நானா கொண்டு வந்தது

நானா சொன்ன நாளில் வந்தார். லெட்சுமி கோயிலுக்குப் போகிற சேலையில் கடை வாசலில் நின்றாள். வந்து நின்றது ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய ஒரு பழைய வேன். உள்ளே வரிசை வரிசையாக சீட். கண்ணாடியில் கார்ட்டூன் ஸ்டிக்கர்.

"கட்டில் எங்க நானா? அடுப்பு எங்க?" என்று கேட்டாள்.

நானா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்க கெரவன் எண்டு தானே சென்னீங்க. இது கெரவன் தான். எஞ்சின் நல்லா ஈக்குது."

அவர் மேல் பிழை இல்லை. இந்த நாட்டில் வாகனத் தொழிலில் இருக்கிற யாரிடம் கெரவன் என்று சொன்னாலும் அந்தப் பெயரில் ஓடுகிற வேன் மாடல்தான் வரும். வெள்ளைக்கார அம்மா சொன்ன கெரவன் வேறு, எங்கள் ரோட்டில் ஓடுகிற கெரவன் வேறு. கேட்டவளுக்கு இது தெரியாது, கொண்டு வந்தவருக்கு அது தெரியாது. இரண்டும் தெரிந்த நான்தான் வீம்புக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நானா நல்ல மனிதர். வேண்டாம் என்றால் திருப்பிக் கொண்டுபோகிறேன், முன்பணமும் வந்துவிடும் என்றார். நான் "சரி" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அதற்குள் லெட்சுமி வேனில் ஏறிக் கடைசி சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, வண்டி எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல வெளியே பார்த்தபடி இருந்தாள்.

கூப்பிட்டு இறக்கலாம் என்று உள்ளே ஏறினேன். ஏறியதும் அந்த சீட்டுகள் கண்ணில் பட்டன. யாரோ புண்ணியவான் சீட் ஓரத்துப் பீடிங்கைக் கோணல்மாணலாக அடித்திருந்தான். ரெக்சின் சுருங்கிக் கிடந்தது. இப்படி ஒரு வேலை என் கடை வாசலில் நிற்பதே மானக்கேடு.

"எறங்கு புள்ள, சீட்டக் கழட்டணும்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இறங்கி, நானாவுக்குத் தேத்தண்ணி போடப் போனாள். அந்த நடையில் இருந்த துள்ளலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அளவு

மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, அனுமதி எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். புதியவர்கள் இதை மறக்கக் கூடாது. போனில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துத் தரையில் சோக்கால் கோடு போட்டேன். இங்கே கட்டில், இங்கே ஃப்ரிஜ், இங்கே சிங்க், இங்கே குளிக்கிற இடம். கோடு போட்டு முடித்தபோது மனிதர் நிற்க இடமில்லை.

லெட்சுமி எட்டிப் பார்த்து, சோக்கை வாங்கிப் பாதியை அழித்தாள்.

"எங்க காம்பராவுல ஏழு பேரு இருந்தோம். பகல்ல கட்டில் எதுக்கு? மடிச்சா பெஞ்சு. துணிமணி வைக்க மேல பரண் மாதிரி ஒரு அட்டல். நடுவுல கயித்தக் கட்டி ஒரு சேலையப் போட்டா ரெண்டு ரூம்பு. அடுப்ப உள்ள வைக்காதீங்க. பின் கதவத் தூக்கினா அதுவே கூரை, மழையிலயும் சமைக்கலாம்."

இடம் பற்றி அதற்கு மேல் யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நானும் காம்பராவில் பிறந்தவன்தானே. ஃபோமை மூன்று துண்டாக வெட்டினேன். அடியில் ரெக்சின், மேலே துணி. ப்ளைவுட்டில் காற்றுப் போக ஓட்டை போட்டேன். எங்கள் ஊர் மழைக்கு அது இல்லாவிட்டால் மெத்தையில் காளான் முளைக்கும். கட்டிலை நாடாவால்தான் அளந்தேன். படுத்துப் பாருங்க என்றாள். படுத்தால் என் கால் டிரைவர் சீட்டின் முதுகில் முட்டியது. மறுபடியும் வெட்டினேன். படுக்கப் போகிறவரைப் படுக்க வைத்துத்தான் அளவெடுக்க வேண்டும்.

பக்கக் கதவுக்கு மேல், விரித்தால் நிழல் தருகிற மாதிரி ரெக்சினில் ஒரு மறைப்புத் தைத்தேன். லெட்சுமி அதை இஸ்தோப்பு என்றாள். அந்தப் பேச்சே வேண்டாம், அதற்குப் பெயர் ஆனிங் என்றேன். "சரிங்க, ஆனிங்" என்றவள், அந்த மூச்சிலேயே "இஸ்தோப்புல உக்கார ரெண்டு கதிரை போடலாம்" என்றாள்.

கதவு

திருகோணமலைப் பக்கம் போனோம். கடற்கரையை ஒட்டி ஒரு மீனவக் குடும்பத்திடம் கேட்டு, அவர்கள் வீட்டு வளவில் வண்டியை நிறுத்தினோம். பக்கக் கதவு கடலைப் பார்த்து இருக்க வேண்டும் என்று லெட்சுமி வண்டியை முன்னும் பின்னும் நகர்த்த வைத்தாள்.

காலையில் கதவு இழுபடும் சத்தத்தில் கண் விழித்தேன். காம்பராவில் கதவைத் திறந்தால் எதிர் லயத்தின் பின்சுவர்தான் தெரியும். எங்கள் இருவரின் சின்ன வயதும் அந்தச் சுவரைப் பார்த்தபடியே போனது. அன்றைக்கு அந்த இடத்தில் கடல் நின்றது. வாசல் அகலத்துக்கு முழுக்கக் கடல்.

லெட்சுமி படியில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் மணலில்.

"பாருங்க" என்றாள். "அதே காம்பராதான். எதுத்த லயத்ததான் காணோம்."

எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. பின்பக்கம் போய்க் கதவைத் தூக்கி அடுப்பைப் பற்ற வைத்தேன்.

கொஞ்சம் தள்ளி கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் தங்கியிருந்தது. அந்தக் குடும்பத் தலைவர் நடந்து வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கிள், இது என்ன மாடல் என்று கேட்டார். கெரவன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"காம்பரா" என்றேன். "வாங்க, இஸ்தோப்புல உக்காருங்க. தேத்தண்ணி குடிக்கலாம்."

படியில் இருந்த லெட்சுமி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேத்தண்ணி சேலையில் கொட்டியது.

அதற்குப் பிறகு எங்கள் கடைக்குக் கேகாலையிலிருந்தும் மாவனல்லையிலிருந்தும் இந்த வேலை வருகிறது. யார் வந்தாலும் அளவு நாடாவை எடுக்கும் முன் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். காலையில் கதவைத் திறந்தால் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? அதைச் சொல்லத் தெரிந்தவருக்கு எந்த வண்டியும் போதும். கட்டில், அலமாரி எல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வண்டியின் பதிவில் இன்றைக்கும் கெரவன் என்றுதான் இருக்கிறது. வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "வெள்ளிக்கிழம போறோம், காம்பராவக் கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணி வைங்க" என்பாள் லெட்சுமி. நான் சாவியை எடுத்துக்கொண்டு போகிறேன்.