நேற்றுப் பின்னேரம் கண்டவர்

என் கையெழுத்து கோணல். எந்த இடத்தில் எந்த 'ன' வரும் என்பதும் சரியாகத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு தமிழ்ப் படிப்பு நின்றுவிட்டது. பொறுத்து வாசியுங்கோ. வாயால் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் எழுதுகிறேன்.

இங்கே ஜெர்மனியில், பான் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகள் போன கிழமை தொலைபேசியில் ஒரு சொல் சொன்னாள்.

"அப்பா, ஸ்கொட்லாந்துப் பழைய கதைப்பாட்டுகளில யெஸ்ட்றீன் எண்டு வரும். நேற்றுப் பின்னேரம் எண்டு கருத்து. நேற்றுப் பின்னேரம் இன்னதைக் கண்டனான் எண்டு ஒராள் தொடங்கினாலே, கேக்கிற ஆக்களுக்குப் பயம் பிடிச்சிடும்."

பிறகு வந்த கவிஞர்கள், பாட்டில் பழைய வாசம் வீசட்டும் என்று அந்தச் சொல்லைத் தேடி எடுத்தார்களாம். நான் "ஓம், ஓம்" என்றேன். அதே சொல்லை நான் சின்ன வயதில் தமிழில் கேட்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. பீலெஃபெல்டில் அகதிகள் விடுதியின் ஓர் அறையில் அம்மா, சித்தப்பா, நான். எங்களுக்குப் பின்னால் இலங்கையிலிருந்து புறப்பட்ட அப்பா, போலந்துப் பக்கம் எல்லையில் காத்திருப்பதாகக் கடைசியாகச் செய்தி வந்திருந்தது. எந்த நாளும் வரலாம் என்று அம்மா அவருக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருந்தார்.

சித்தப்பா பகிடிக்காரர். அன்று காலை தேநீரைத் தொடாமலே சொன்னார்:

"அண்ணி, நேத்துப் பின்னேரம் அண்ணையைக் கண்டனான்."

"விசர்க் கதை கதையாதை, தம்பி."

"பகிடியில்லை. கீழ பஸ் தரிப்பில நிண்டவர். இடுப்பு மட்டும் நனைஞ்சிருந்தது. மழையே இல்லை. இவன் எப்பிடிப் படிக்கிறான் எண்டு கேட்டார். மேல வாங்கோ எண்டன். 'சரி, போறன்' எண்டார். திரும்பிப் பாத்தா ஆளில்லை."

அம்மா கையிலிருந்த பாண் துண்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"போட்டு வாறன் எண்டு சொல்லேல்லையோ?"

"இல்லை, அண்ணி."

"வடிவா யோசிச்சுச் சொல்லு, தம்பி."

சித்தப்பா தலை குனிந்தார். எங்கள் ஆட்கள் கடைக்குப் போனாலும் "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்வார்கள். வெறுமனே போறன் என்று யாரும் வாசலைத் தாண்டுவதில்லை. அப்பா அவசரத்தில் மறந்திருப்பார் என்று நான் நினைத்தேன். எனக்கு ஒரே சந்தோஷம். அப்பா ஊருக்குள்ளேயே வந்துவிட்டார்! நனைந்த மனிதருக்குக் குளிருமே என்று கம்பளிச் சட்டையைத் தூக்கிக்கொண்டு தரிப்புக்கு ஓடினேன்.

எல்லை ஆற்றைக் கடக்கும்போது அப்பா மூழ்கிப்போன செய்தி அடுத்த கிழமைதான் வந்தது. சித்தப்பா அவரைக் கண்டதற்கு முதல் நாளே எல்லாம் முடிந்திருந்தது. சித்தப்பா அதன்பிறகு பகிடி விடவில்லை.

அன்று தரிப்புக்கு அம்மாவும் வந்தார். ஏசவில்லை, வீட்டுக்கு வா என்று கூப்பிடவுமில்லை. பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் வந்து கதவு திறக்கும்போதெல்லாம் நான் எழும்பி நின்று இறங்குகிறவர்களைப் பார்த்தேன். அம்மா ஒருதரம்கூடக் கதவுப் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா இறங்கினால் முதலில் காணப்போவது நான்தான் என்று பெருமையாக இருந்தது எனக்கு.

பீலெஃபெல்ட், 17 கார்த்திகை 2024, ஞாயிறு.