பொத்தையடியில் வீட்டுக்கு இடமில்லை

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே நிற்கும் சின்னப் பாறைக்குன்றைப் பொத்தை என்பார்கள். அதன் அடிவாரத்து வெட்டவெளியில் சாரல் காற்றை வாங்கிக்கொண்டு நடந்தவர்களுக்கு ஐம்பதுகளின் ஆனி, ஆடி மாதங்கள் மறக்காது. மேய்ச்சல் மாடுகள், விறகுக்கட்டுப் பெண்கள், அருவிக்குப் போகும் சனம் எல்லாம் அந்த வழிதான். அந்தச் சுகத்துக்குக் காரணம் ஒரு முரட்டு மனிதரின் பிடிவாதம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

நல்லக்கண்ணுவுக்கு அங்கே இரண்டு ஏக்கர் தரிசு. வெளியூர்ச் சீமான் ஒருவர் பொத்தையடியை மொத்தமாக வளைத்து, வேலி போட்டு, பங்களா கட்ட விலை பேசி வந்தபோது அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பக்கத்து நிலக்காரர் வல்லிநாயகம் பிள்ளையையும் இன்னும் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு ஒரு தர்ம சபை வைத்தார். நாலு பேர் நிலமும் சபைக்கு எழுதப்பட்டது. உழக் கூடாது, விற்கக் கூடாது, ஒரு குடிசைகூடப் போடக் கூடாது. பிறகு குற்றாலத்துக்குப் போகும் நடைபாதையைச் சீராக்க மண்வெட்டியோடு இறங்கினார்கள். எதிரெதிரே வரும் இரண்டு விறகுக்கட்டுக்காரிகள் ஒருக்களிக்காமல் கடக்க வேண்டும். அதுதான் பாதைக்கு அகலம். பிள்ளைவாள் மண்வெட்டி பிடித்த லட்சணத்தைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது.

சோதனை நல்லக்கண்ணுவின் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒரே மகன் செல்லச்சாமிக்குக் கல்யாணம் ஆயிற்று. அப்பனின் கூடப்பிறந்தவர்கள் பங்கு பிரித்தது போக மிஞ்சிய ஒற்றை அறையில் புதுப்பெண்ணை எங்கே வைப்பது? பொத்தையடியில் ஒரு மூலை போதும் என்றான். சபையில் மற்ற மூவரும் தலையாட்டிவிட்டார்கள். கொடுத்தவர் பிள்ளைக்கு இல்லாததா என்றார் வல்லிநாயகம் பிள்ளை.

நல்லக்கண்ணு மட்டும் அசையவில்லை.

"இன்னைக்கி எம் மவன் கட்டுவான். நாளைக்கி ஒங்க மவன் வந்து நிப்பான். அவன்கிட்ட என்ன சொல்லுவிய அண்ணாச்சி?"

செல்லச்சாமி இனி அப்பன் முகத்தில் முழிப்பதில்லை என்று சொல்லி, பெண்டாட்டியோடு குற்றாலத்துக்குப் போய், மாமனாரின் பழக்கடையில் ஒட்டிக்கொண்டான். பட்டாளத்துக்காரன் வீட்டோடு மாப்பிள்ளை ஆனதை ஊர் சும்மா விடுமா? தாய் மாடத்திக்கு அது பொறுக்கவில்லை. புருஷனுக்குச் சோறு போட்டாள், பேச்சை நிறுத்திவிட்டாள்.

மகனைப் பார்க்க வாரந்தோறும் அந்தப் பாதையில்தான் வெறுங்காலோடு போவாள். அவள் கிளம்புமுன்பே நல்லக்கண்ணு அங்கே போய், முள்ளைப் பொறுக்கி, வழுக்கும் இடங்களில் சரளைக் கொட்டிவிட்டு, மாடு தேடி வந்தவர் போல ஒதுங்கி நிற்பார். அவள் கண்டும் காணாமல் கடந்துபோவாள். வைராக்கியம் பிடித்த மனுஷர்தான். ஆனாலும் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு அவர் நிற்பதைக் கண்டவர்களுக்கு மனசு கேட்காது. இப்படியே இரண்டு சாரல் காலம் போயிற்று.

குற்றாலத்தில் பேரன் பிறந்தான். பார்த்துவிட்டுத் திரும்பிய மாடத்தி, பாதையோரம் நின்ற புருஷனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வார வெள்ளிக்கிழம புள்ளைக்குப் பேர் விடுதாவ. ஒங்க பேரத்தான் விடணும்ங்கான் ஒங்க மவன்."

 என்னைப் பற்றி அவன் வேறே என்ன கேட்டான் என்றார் நல்லக்கண்ணு.

"அய்யா என்ன செய்தாவன்னு கேட்டான். நான் நடக்க முள்ளு பொறுக்குதாவன்னு சொன்னேன்."