அக்காவுக்கு இல்லாத சளி

செவ்வாய், காலை 9.40. மருத்துவமனையில் அக்கா காலமானார். உடனிருந்தவன் நான் ஒருவனே.

புதன், பிற்பகல் 3.00. திருப்பலி, பின்னர் அடக்கம்.

வியாழன், மாலை 5.10. அக்கரையில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரிப் படகில் வந்த நான்கு இளைஞர்கள் வாத்தியப் பெட்டிகளோடு வாசலில் நின்றனர். 5.15. திரும்பிச் சென்றனர்.

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. அந்த நால்வரும் இசையை மட்டுமே தொழிலாகக் கொண்டு வாழ முயல்பவர்கள். அவர்கள் குடியிருக்கும் செபராங் ஜெயா அடுக்குமாடியில் வாசித்துப் பழகினால் அண்டை வீட்டார் சுவரைத் தட்டுகிறார்கள். ஆகவே வியாழன்தோறும் அக்காவின் முன்கூடத்தில் பழகினார்கள். அடுத்த மாதம் அவர்கள் வாசித்துக் காட்ட வேண்டிய ஒரு தேர்வு இருக்கிறது.

"அங்கிள், இனிமேலும் நாங்க வரலாமா?" என்று செல்லோக்காரப் பெண் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதுவரை யோசிக்கவில்லை. கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையே நடந்துகொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் அந்த நான்கு நாற்காலிகள் கண்ணில் படுகின்றன.

இதே கூடத்தில், என் ஒன்பதாம் வயதில், வேறு நால்வர் வாசித்துப் பழகினார்கள். முதல் வயலின் அக்கா. இரண்டாம் வயலினும் வியோலாவும் இரு சீன நண்பர்கள். செல்லோ வாசித்தவர் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவைச் சேர்ந்தவர். அவரைச் செல்லோ அண்ணன் என்றே அழைப்பேன். திருமண விருந்துகளிலும் ஓட்டல் தேநீர் வேளைகளிலும் வாசித்து வந்த அவர்களின் வாசிப்பைக் கேட்டுப் பார்க்க, தலைநகரிலிருந்து ஓர் இசை அதிகாரி வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் ஓராண்டு ஒப்பந்தம். நால்வரும் வேறு வேலை தேட வேண்டியதில்லை. அக்கா அதை நம்பித் தட்டச்சர் வேலையை ஏற்கெனவே விட்டிருந்தார்.

எங்கள் குடும்பம் தனக்குத் தெரிந்த வழிகளில் கலைக்குத் தொண்டு செய்தது. அப்பா நாற்காலிகளுக்கு மெருகு பூசினார். எங்களோடு வசித்த அத்தை, அக்காவின் சளியைக் கவனித்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் வாசிக்கத் தொடங்குமுன் அக்கா 'ஸ்ஸ்' என்று மூக்கை உறிஞ்சுவது வீடு முழுவதும் கேட்கும். இஞ்சிக் கஷாயம், துளசி, நெஞ்சில் தைலம் எதற்கும் அது அடங்கவில்லை.

"நான் எங்கே உறிஞ்சுறேன்? எனக்குச் சளியே இல்ல, அத்தை!"

"ஆமா லா, சளி பிடிச்சவ எவ ஒத்துக்கிட்டா? குடி."

அக்கா பொய் சொல்லவில்லை. தாம் உறிஞ்சுவது அவருக்கே தெரியாது.

அப்பாவின் கவலை மரியாதையைப் பற்றியது. பெரிய மனிதர் முன்னால் மூக்கை உறிஞ்சுவதா? இறுதியில் பொறுப்பு என்னிடம் வந்தது. அத்தை ஒரு வெள்ளைக் கைக்குட்டையை இஸ்திரி போட்டு என் கையில் கொடுத்தார். "நீ அக்காவுக்கு நேர் எதிர்ல உட்காரு. உறிஞ்சப் போறான்னு தெரிஞ்சா இதைத் தூக்கிக் காட்டு. காலை ஆட்டாதே."

அதிகாரி வந்தார். ஐந்து மணி ஃபெரியைப் பிடிக்க வேண்டுமென்று வந்ததும் சொன்னார். நால்வரும் வில்லை உயர்த்தினார்கள். அக்காவின் மூக்கு விரியும் கணத்தில் நான் கைக்குட்டையை உயர்த்தினேன். அக்கா திடுக்கிட்டு மூச்சை அடக்கிக்கொண்டார். வில் மட்டும் இறங்கியது. கூடத்தில் ஒற்றை வயலின் ஒலித்து நின்றது.

மறுமுறை தொடங்கினார்கள். கைக்குட்டை எழுந்தது. இம்முறை வியோலா முந்தியது. இரண்டாம் வயலின் பின்தங்கியது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் ஊக்கமாகத் தலையசைத்தேன்.

மூன்றாம் முறை, செல்லோ அண்ணன் தாமே பலமாக மூக்கை உறிஞ்சினார். நால்வரும் ஒன்றாகத் தொடங்கினார்கள்.

"போச்சு," என்று அத்தை என் காதில் கிசுகிசுத்தார். "அந்தத் தம்பிக்கும் ஒட்டிக்கிச்சு."

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நால்வரும் திறமைசாலிகள் என்றும், ஆனால் ஒன்றாகத் தொடங்கக்கூட இன்னும் பழகாதவர்கள் என்றும் அதில் இருந்தது. அக்கா மீண்டும் தட்டச்சு செய்யப் போனார். செல்லோ அண்ணன் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். வீட்டில் அந்த உறிஞ்சும் ஓசை அதன்பின் கேட்கவில்லை. அக்காவின் சளியைத் தீர்த்தது நான்தான் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டேன்.

மேற்படிப்புக்குச் சென்ற ஊரில், ஒரு கச்சேரியின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அதே ஓசையைக் கேட்டேன். கையசைத்து நடத்துபவர் இல்லாத அந்தச் சிறு குழுவில், முதல் வயலின் இழுக்கும் மூச்சே மற்ற மூவரும் தொடங்குவதற்கான அழைப்பு. கச்சேரி முடியுமுன் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அக்காவிடம் இதைப் பற்றி நான் பேசவில்லை, அவரும் பேசவில்லை. பணி ஓய்வுக்குப் பின் அவர் இந்தக் கூடத்தை இளம் குழுக்களுக்குத் திறந்துவிட்டார். புதிதாக வரும் ஒவ்வொரு முதல் வயலினிடமும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "நல்லா சத்தமா மூச்சை இழு லா. மத்த மூணு பேருக்கும் கேக்கணும்." அடுத்த அறையில் நான் நாளிதழ் படித்துக்கொண்டிருப்பேன். ஒரு முறைகூட அவர் என் பக்கம் திரும்பியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா மூக்கால் ஒரு முறை கூர்மையாக மூச்சிழுத்தார். நான் எழுந்து நின்றேன். அதன்பின் எதுவும் தொடங்கவில்லை.

செய்யாமல் நிற்பவை:

இரவல் வாங்கிய சக்கர நாற்காலியைத் திருப்பித் தருவது.

வியாழன் வரலாம் என்று அந்த நால்வருக்குச் சொல்வது. தேர்வு நெருங்குகிறது.

சிங்கப்பூரிலிருக்கும் செல்லோ அண்ணனுக்குத் தெரிவிப்பது. இரண்டு முறை அழைத்தேன். பேசுமுன் அவர் மூச்சிழுப்பது கேட்டது. வைத்துவிட்டேன்.